செய்திக்கு யார் ஜாமீன்?

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பையும் மூட்டையுமாகக் குவிந்தார்கள். மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள் என்றுதான் உள்ளூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவர்களுடைய செல்பேசிகளில் இருந்தது. தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடித் தேடித் தாக்குகிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் வடக்கே சில நாள்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்த வீட்டார் பதறிப்போய் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அப்போதைய முதல்வர் நிதிஷ் குமாரின் அரசு நிலைமையை நேரில் பார்க்க அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழக முதல்வராக இருந்த ஸ்டாலின் அவரோடு தொலைபேசியில் பேசினார்.

அந்த வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு கும்பலாக மோதிக்கொண்டது. அப்போதைய தமிழக டிஜிபி சைலேந்திர பாபு இதை விளக்கிக் காணொளி வெளியிட்டார். இன்னொன்று, தலையிலும் கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் அழுதது, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையே கண்டுபிடித்தது. அதாவது முதல் இரண்டிலும் அடிதடி நிஜம், கதை பொய். மூன்றாவதில் இரண்டுமே பொய்.

எனக்கு இதில் முக்கியமாகப்படுவது வேறு. பனியன் கம்பெனியில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த தமிழரும் பீகாரியும் வேறு வேறு தமிழ்நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முன்னவருக்கு அப்படியொரு செய்தி இருப்பதே தெரியாது, அது இந்தியில் ஓடியது. பின்னவருக்கு அடுத்த மிஷினில் இருப்பவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ள மொழி இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த உறவினர் அனுப்பிய படம், கண்முன்னே இருந்த தெருவைவிட நம்பத்தக்கதாக ஆகிவிட்டது.

இணையம் தகவல் மீதான மக்களின் நம்பிக்கையை என்ன செய்திருக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், மக்கள் எதையும் நம்புகிற அப்பாவிகளாகிவிட்டார்கள் என்பது. நேர் எதிரான பதிலும் உண்டு: மக்கள் எதையுமே நம்பாதவர்களாகிவிட்டார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பது என் எண்ணம். ஒரு செய்திக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லாமல் போய்விட்டது. தவறாக இருந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதற்கு விடை இல்லாத செய்திகள் நம் நாளின் பெரும்பகுதியை நிரப்புகின்றன.

வதந்திக்கு இணையம் தேவைப்பட்டதே இல்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி டெல்லியில் கிளம்பி, மதியத்துக்குள் நாடு முழுவதும் பரவி, லண்டன் சவுத்ஹால் கோயில்கள்வரை போய்விட்டது. வெறும் தொலைபேசிதான். பாலில் நிறம் கலந்து, அது சிலையின் மேல் வழிந்து கீழே போவதை விஞ்ஞானிகள் காட்டிய பிறகும் வரிசை குறையவில்லை. 2011 ஆகஸ்டில் இலங்கையின் கிழக்கிலும் மலையகத்திலும் வடக்கிலும் கிறீஸ் பூதம் வந்தபோது, அந்தச் சிற்றூர்களில் வாட்ஸ்அப் இல்லை. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சில் ஊர்கள் இரவெல்லாம் விழித்திருந்தன, உயிர்களும் போயின. அரசு சொல்வதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. முப்பது ஆண்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த ஊர்களில் அரசின் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

அரசே பொய்ச் செய்தியின் ஊற்றாக இருந்ததும் உண்டு. 2004 சுனாமிக்கு நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மத்திய உள்துறை அமைச்சகம் மீண்டும் அலை வரக்கூடும் என்று எச்சரித்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பிணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையாக இருந்தது ஒரு தனியார் அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பு. அறிவியல் துறை அமைச்சரே பிறகு அதைக் கேலி செய்தார்.

ஆகவே, இணையத்துக்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1984 அக்டோபர் 31 காலையில் சுடப்பட்ட இந்திரா காந்தி இறந்துவிட்டார் என்பதை ஆகாசவாணி மாலைவரை சொல்லவில்லை. பிபிசி முன்னதாகவே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், நெருக்கடி நிலையின்போது தணிக்கை அதிகாரி கோடு போட்ட இடங்களை வெள்ளையாகவே விட்டு அச்சிட்ட பத்திரிகைகள் உண்டு, தணிக்கைக்குப் பழகிக்கொண்ட பத்திரிகைகளும் உண்டு. பொருளாதாரத் தடையில் மின்கலம் கிடைக்காத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி மின்சாரம் எடுத்து வானொலி கேட்டார்கள். கொழும்பு சொல்வதைக் கேட்க அல்ல, பெரும்பாலும் பிபிசி தமிழோசையைக் கேட்க. 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல்வரை சிற்றலையில் ஒலித்த அந்த நிகழ்ச்சியின் மேல் ஈழத்தமிழருக்கு இருந்த நம்பிக்கை, தம் சொந்த நாட்டு ஊடகத்தின் மேல் இருந்த அவநம்பிக்கையின் மறுபக்கம். பழைய நம்பிக்கையில் ஒரு பங்கு, வேறு வழி இல்லாததால் வந்தது. அந்தப் பங்கை இணையம் உடைத்ததற்காக அழ வேண்டியதில்லை. 1997இல் தொடங்கிய தமிழ்நெட் தளத்தை இலங்கை அரசு 2007இல் முடக்கியது, வேறு எங்கும் வராத செய்தி அதில் வந்ததால்தான்.

இணையம் புதிதாகக் கொண்டுவந்தவை என்று மூன்றைச் சொல்லலாம். முதலாவது வேகம். எம்ஐடியைச் சேர்ந்த வொசூகி, ராய், ஆரல் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 2006 முதல் 2017வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 1,26,000 செய்திக் கிளைகளை எடுத்துக்கொண்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு மெய்யைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. காரணம் தானியங்கிக் கணக்குகள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவற்றை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்கள்தான். பொய்யில் புதுமை இருந்தது, கேட்டவர்களுக்கு வியப்பும் அருவருப்பும் வந்தன, பகிர்ந்தார்கள். இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிற பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: எடுத்துக்கொண்டவை எல்லாம் உண்மை சரிபார்ப்பவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்த செய்திகள். யாரும் சரிபார்க்க நினைக்காத சாதாரணச் செய்திகள் கணக்கில் இல்லை.

இரண்டாவது, படத்தை அதன் ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கும் வசதி. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற பீதி இந்தியாவெங்கும் பரவியபோது சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டு, எவ்வளவு எளிது பாருங்கள் என்று அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு குடும்பத்தை ஊரே திரண்டு அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தார். அதே சமயம் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. செய்தி வரும் வாசல் மாறிவிட்டது. நாளிதழ் வீட்டுக்குள் வந்தபோது அதன் பெயரும் ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் முகவரியும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தன. சட்டப்படி இருந்தாக வேண்டும். யாரும் படிப்பதில்லை, ஆனால் வழக்குப் போடுவதற்கு ஆள் உண்டு என்பது அதற்கு அர்த்தம். இன்று குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்புகிற செய்திக்குப் பெரியப்பாதான் முகவரி. அவர் எழுதியதில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதியதில்லை. ஆனால் பெரியப்பா பொய் சொல்லமாட்டார் என்பது நமக்குத் தெரியும். அந்த நம்பிக்கையின் மேல் ஏறிக்கொண்டு யாரென்றே தெரியாத ஒருவருடைய சொல் வீட்டுக்குள் வருகிறது. பொய் என்று தெரிந்தாலும் காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவே பெரியப்பாவை எதிர்த்து எழுத எந்த மருமகளுக்குத் துணிச்சல் வரும்? திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்பதாக நாசா சொன்னதாய் உலவும் கதை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது இதனால்தான். பெரும் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பது நடுவானில் நின்றால் என்ன ஆகும் என்பதை யோசிக்கத் தெரிந்தவர்களும் மரியாதைக்காகச் சும்மா இருக்கிறார்கள்.

பத்திரிகையும் தொலைக்காட்சியும் இதற்கு எதிராக நின்றிருந்தால் கதை வேறு. 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டில் கண்காணிப்புச் சில்லு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சில இந்தித் தொலைக்காட்சிகள் வரைபடங்களோடு விளக்கின. முகவரி இருந்தவர்களே முகவரி இல்லாததை வாங்கி விற்றார்கள். நான் இணையத்தைவிட இதைத்தான் பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

சரி, நம்பிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது? ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் 2024இல் 47 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலான நேரம் நம்புகிறோம் என்றவர்கள் சராசரியாக 40 சதவீதம். பின்லாந்தில் 69, கிரீஸிலும் ஹங்கேரியிலும் 23. இணையம் பின்லாந்திலும்தான் இருக்கிறது. வேறுபாட்டுக்கான விடையை அந்த நாடுகளின் அரசியலிலும் ஊடக உடைமையிலும் பள்ளிக்கூடங்களிலும்தான் தேட வேண்டும். அந்தக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி ஆங்கிலம் தெரிந்த இணையவாசிகளிடம் மட்டும் எடுக்கப்படுவது. போளூர்க்காரர் என்ன நினைக்கிறார் என்பதை அதில் பார்க்க முடியாது. அமெரிக்கர்களின் அன்றாட ஊடக நுகர்வில் போலிச் செய்தி 0.15 சதவீதம்தான் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பீதியடைய வேண்டாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். வாதம் நல்லதுதான், ஆனால் அது இணையதளங்களையும் தொலைக்காட்சியையும் அளந்தது. மூடிய குழுக்களுக்குள் போவதை வெளியே இருந்து யாரும் அளக்க முடியாது. அதோடு, ஊரில் ஒரு கும்பல் கூடுவதற்கு ஒரு வீடியோ போதும். சராசரி அங்கே உதவாது.

நம்பிக்கை குறைவதால் வரும் கேட்டைத் தடுப்பூசியில்தான் தெளிவாகப் பார்க்கலாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாருக்கும். பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், ஆண்மை போய்விடும், வெளிநாட்டுச் சதி என்று செய்திகள் பறந்தன. பெற்றோர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலை இறந்துவிட்டார். இருதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஒரே நாளில் வரக்கூடியது அல்ல என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள். பல மாதம் கழித்து நிபுணர் குழுவும் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்றது. அதற்குள் எத்தனையோ பேர் தயங்கிவிட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஊசி போட்டார், மறுநாள் விழுந்தார் என்பதில் பொய் ஒன்றும் இல்லை, இரண்டுக்கும் நடுவே 'அதனால்' என்ற சொல்லை மட்டும் மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவர் பக்கத்தில் இருந்து பேச வேண்டும். கிராம சுகாதார செவிலியரை மக்கள் கேட்டார்கள். சுகாதாரத் துறைச் செயலாளரின் பேட்டி எட்டாத வீட்டுக்கு அவர் சொல் எட்டியது. பத்தாண்டாக அந்தத் தெருவில் பிரசவம் பார்த்தவர், நாளையும் அதே தெருவுக்கு வரவேண்டியவர். தவறாகச் சொன்னால் தப்பிக்க முடியாதவர்.

நம்பாமையின் இன்னொரு முகம், குற்றம் செய்தவருக்குக் கிடைக்கும் சலுகை. எதையும் போலியாக உருவாக்க முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், உண்மையான ஆதாரத்தையும் போலி என்று தள்ளிவிடலாம். செயற்கை நுண்ணறிவோடு சேர்த்து இதை இப்போது பேசுகிறார்கள். தமிழர்கள் இதை முன்பே பார்த்துவிட்டார்கள். கண்ணும் கையும் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களைச் சீருடைக்காரர்கள் சுட்டுக்கொல்லும் காணொளியைச் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. இட்டுக்கட்டப்பட்டது என்று இலங்கை அரசு அடித்துச் சொன்னது. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது மெய்யானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பின் வந்தவரும் அதே முடிவுக்கு வந்தார். மறுக்க விரும்பியவர்களுக்கு 'போலி' என்ற முதல் சொல்லே போதுமானதாக இருந்தது.

இன்று அந்தச் சொல்லுக்கு இன்னும் வலு கூடிவிட்டது. 2018இல் மறைந்த கருணாநிதி 2024 ஜனவரியில் திரையில் தோன்றித் தம் குரலிலேயே வாழ்த்துரை வழங்கினார். இயந்திரம் செய்தது என்று சொல்லியே காட்டினார்கள், ஏமாற்று இல்லை. ஆனால் இனி ஓர் ஒலிப்பதிவு வந்தால் கேட்பவர் என்ன செய்வார்? 2023 ஏப்ரலில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ஒலித்துணுக்குகள் வந்தபோது, அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார், வெளியிட்டவர்கள் மெய் என்றார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் தத்தம் கட்சியின் காதால் கேட்டார்கள். மெய் எது என்பதைத் தாமே முடிவு செய்யும் கருவி பொதுமக்களிடம் இல்லை.

இதற்கு அரசுகள் கண்ட வழி பெரும்பாலும் தடுப்பதும் தாமே சான்று தருவதும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் முடிந்த கையோடு இலங்கை சமூக ஊடகங்களை முடக்கியது. முந்தைய ஆண்டு கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்திலும் முடக்கியிருந்தது. திகனைக்குச் சில நாள் முன்பு அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய்யால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த நாள்களில் தன் தளம் பயன்பட்ட விதத்துக்காக ஃபேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த வருத்தம் எரிந்த கடைக்காரருக்கு எதற்கு?

இந்தியாவில் மத்திய அரசு 2023இல் விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தன் சரிபார்ப்புப் பிரிவுக்கே கொடுத்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. தமிழக அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்து, யூடர்ன் என்ற தனியார் சரிபார்ப்புத் தளத்தை நிறுவியவரை அதற்குத் தலைமை தாங்க வைத்தது. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. அவர் வேலை சரியா தவறா என்பது தனி விவாதம். அரசைக் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவர் அரசின் நாற்காலிக்கு வந்த பிறகு, அவர் 'பொய்' என்று முத்திரை குத்துகிற செய்தி எதிர்க்கட்சிக்காரர் காதில் எப்படி ஒலிக்கும்? வழக்காடுபவரே தீர்ப்பும் எழுதினால் தீர்ப்பு சரியாக இருந்தாலும் ஏற்பு கிடைக்காது. நிறுவனங்களும் பின்வாங்குகின்றன. மெட்டா 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியாள்களைக் கொண்டு சரிபார்க்கும் ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

மிச்சம் இருப்பது கற்றுக்கொடுப்பது. இங்கே ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஆகவே சுவாரசியமானவை. பொய்ச் செய்தியை இனங்காண ஃபேஸ்புக் தந்த சில குறிப்புகளை அமெரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் படிக்கக் கொடுத்து 2020இல் சோதித்தார்கள். அமெரிக்கர்களிடமும் நன்கு படித்த இந்தியர்களிடமும் பலன் தெரிந்தது. உத்தரப் பிரதேசக் கிராமத்தினரிடம் ஒன்றும் தெரியவில்லை. ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் 1,200க்கும் மேற்பட்டவர்களின் வீட்டுக்கே ஆளனுப்பி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வைத்தார். ஒட்டுமொத்தமாகப் பலன் இல்லை. மத்தியில் அப்போது ஆண்ட கட்சியின் ஆதரவாளர்களிடம், தம் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டறியும் திறன் இன்னும் குறைந்தது. இதைப் படித்துவிட்டுக் கை கழுவியவர்கள் உண்டு. அவரே கைவிடவில்லை. சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பீகார் அரசு அமைப்பின் துணையோடு, 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மறுபடி முயன்றார். இந்த முறை ஒரு மணி நேரம் அல்ல, நான்கு மாதப் பாடம். ஊர் நூலகத்தில் ஆசிரியர் நேரில் நடத்திய வகுப்பு, தடுப்பூசி, வீட்டு வைத்தியம் போன்ற உடல்நலச் செய்திகளை வைத்து.

மாணவர்கள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் தேறினார்கள். நான்கு மாதம் கழித்துக் கேட்டபோதும் அது மறையவில்லை, வகுப்பில் தொடவே தொடாத அரசியல் செய்திகளிலும் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். பாடத்துக்கே வராத அவர்களுடைய பெற்றோரிடமும் அந்தத் தேர்ச்சி ஓரளவு தெரிந்தது. வீட்டுக்குள் யார் யாரிடம் எப்படிச் சொன்னார்கள், அப்பாவின் செல்பேசியை எட்டிப் பார்த்து மகள் என்ன கேட்டாள் என்பதையெல்லாம் புள்ளிவிவரம் காட்டாது. ஆய்வாளர்கள் அடுத்துப் போய் உட்கார வேண்டிய இடம் அந்த வீட்டுத் திண்ணைதான்.